இன்டர்நெட் எந்த ஊரில் இருக்கிறது?

போன வாரம் எங்கள் தெருவில் ஃபைபர் கேபிள் இழுக்க வந்தவர்களுக்கு மோர் கொடுத்தேன். நான் டெலிபோன் டிபார்ட்மென்டில் இருந்து ஓய்வு பெற்றவள் என்று பக்கத்து வீட்டுக்காரி அவர்களிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன் மேடம், அப்பல்லாம் நெட்டுக்கு டயல் பண்ணணுமாமே? கீ... கர்ர்ர்னு கத்துமாமே?"

"கத்தும்."

"இன்டர்நெட்டுன்னா என்னன்னு வெளக்கிச் சொல்றதுக்கே ஆபீஸ்ல ஒரு ஆளு ஒக்காந்திருப்பாங்களாமே?"

"அந்த ஆளு நான்தான்" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மோர் குடித்துக்கொண்டே சிரித்தார்கள். பிறக்கும்போதே கையில் போனோடு பிறந்தவர்கள் மாதிரி! எனக்குச் சுருக்கென்று வந்தது. அவர்கள் கேபிளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள், எனக்குக் கோபம் போகவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணத்துக்கு முன்பே ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள் நான். வீட்டில் சௌராஷ்டிரம், பஸ்ஸில் தமிழ், ஹெட்போனை மாட்டிவிட்டால் இங்கிலீஷ் என்று பிழைப்பு ஓடியது. வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் ஜனங்கள் எங்களிடம் புக் பண்ணிவிட்டுக் காத்திருப்பார்கள். நாங்கள் லைன் கிடைத்ததும் இணைத்துவிடுவோம். பிறகு அவரவரே நேராக டயல் பண்ணும் எஸ்.டி.டி. வந்தது, எங்கள் போர்டுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதற்காக நான் ஒன்றும் கண்ணீர் விடவில்லை. காதுவலி விட்டதடா சாமி என்றுதான் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் எங்களில் சிலரை மெட்ராசுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தலையணை கனத்துக்கு ஒரு ஃபைலும், மண்டை நிறைய இங்கிலீஷ் வார்த்தைகளும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மதுரையில் வாடிக்கையாளர் கூடத்தில் எனக்கு ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், தலைக்கு மேல் 'இன்டர்நெட் விளக்கம்' என்று ஒரு பலகை. வருகிற ஆளுக்கு விளக்க வேண்டும்.

முதல் நாளே எழுமலையில் இருந்து ஒரு பருத்தி வியாபாரி வந்தார். வெளியூர் மார்க்கெட் விலையெல்லாம் இன்டர்நெட்டில் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். துண்டை மடியில் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"இன்டர்நெட்டு, இன்டர்நெட்டுங்குறாக. அது எந்த ஊர்ல இருக்கு தாயி?"

நான் சிரித்துவிட்டேன். பிறகு சமாளித்துக்கொண்டு, பயிற்சியில் சொன்னபடி, "அது ஒரு பெரிய சிலந்தி வலை மாதிரிங்க ஐயா. உலகம் பூரா பின்னியிருக்கு" என்றேன்.

"அப்ப சிலந்தி யாரு?" என்றார்.

நான் மெட்ராஸ் ஃபைலைப் புரட்டினேன். "யோசிச்சு வையி தாயி, அடுத்த வாரம் வாரேன்" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் அதிகாரி தர்மலிங்கம் சார் இதைத் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பரங்குன்றத்தில் இருந்து தினமும் பழைய மொபெட்டில் வருகிறவர். அவர் யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவருடைய வழக்கமே வேறு. தப்பு நடந்த இடத்துக்கு நடந்து வருவார். வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த வாடிக்கையாளர் எப்படி உட்கார்ந்தாரோ அப்படியே உட்கார்வார். அன்றைக்கும் கைக்குட்டையை மடியில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டார்.

"நான் எழுமலைக்காரன். சொல்லு."

"சார்..."

"சாரு மோரெல்லாம் அப்புறம். ஏம்மா சுலோச்சனா, அந்தப் பெரியவர் கேட்டதுல என்ன தப்பு? இத்தன வருசமா 'எந்த ஊர் வேணும், எந்த ஊர் வேணும்'னு நீதானே ஜனங்களக் கேட்டுக்கிட்டு இருந்த? இப்ப அவரு ஒன்னையத் திருப்பிக் கேக்குறாரு. அதுக்குப் பல்லக் காட்டுற."

எனக்கு முகம் சுண்டிப்போனது.

அன்று சாயங்காலம் வரைக்கும் அவர் எழுமலைக்காரராகவே இருந்தார். நான் சொல்லச் சொல்லக் குறுக்கே கேட்டார். அந்த வேலையை எனக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு பொழுதுதான், மெட்ராஸ் ஃபைல் இல்லை. கம்ப்யூட்டரில் ஆரம்பிக்கவே கூடாது, போனில் ஆரம்பிக்க வேண்டும் என்பார். போனை அவர்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டரைத் தெரியாது. மோடம் கத்தும்போது ரிசீவரை எடுத்து வாடிக்கையாளர் காதில் வைக்கச் சொல்வார். நம் கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போன் போட்டுப் பேசுகிறது, இது அதன் பாஷை என்று சொன்னால் போதும், பாதி பயம் தெளிந்துவிடும். வாடிக்கையாளர் வாயில் வராத வார்த்தையை நாம் முதலில் சொல்லக் கூடாது. மௌஸை நாம் தொடவே கூடாது. "ஒன் கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்க. வாய் மட்டும் வேலை செய்யட்டும். நீ தொட்டுட்டா அவங்களுக்குத் தெரிஞ்சது ஒன் சாமர்த்தியம்தான், இன்டர்நெட்டு இல்ல." மௌஸை மேஜை ஓரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், இடம் தீர்ந்துபோய்த் திருதிருவென்று விழிப்பவர்களைப் பார்த்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது லேசான காரியம் இல்லை. எனக்குக் கை அரிக்கும்.

உவமை விஷயத்தில்தான் அவர் ரொம்பக் கறார். "உவமைய நீ சொல்லாத. அவங்க சொல்லட்டும். அவங்களா கண்டுபிடிச்சதுன்னா அதோட வால் எங்க முடியுதுன்னு அவங்களுக்கே தெரியும். நீ சொன்னா அதப் புடிச்சுக்கிட்டு வேற ஊருக்குப் போயிருவாங்க, போயி சிலந்தியத் தேடுவாங்க."

வீட்டில் என் அம்மாவிடம் ஒத்திகை பார்த்தேன். எங்கள் சௌராஷ்டிர மொழியில் இதற்கெல்லாம் சொல்லே கிடையாது, கடன் வாங்கவும் அம்மா விடமாட்டாள். அதனால் நடப்பதை நடந்தபடியே சொல்ல வேண்டியிருந்தது. அது நல்லதாகவே போயிற்று. அடுத்த வாரம் எழுமலைக்காரர் வந்தபோது சொன்னேன்: "ஐயா, அது ஒரு ஊர்ல இல்ல. ஒவ்வொரு ஊர்லயும் ராத்திரி பகலா அணைக்காத கம்ப்யூட்டருங்க இருக்கு. ஒங்க போன் லைன் வழியா எங்க ஆபீசுக்கு வந்து, இங்க இருந்து மெட்ராஸ் போயி, கடலுக்கடியில போற கம்பியில எங்க வேணும்னாலும் போயி அந்தக் கம்ப்யூட்டர்கிட்டக் கேக்கலாம். அது பதில் சொல்லும்."

"அணைக்கவே மாட்டாகளா? கரண்டு போனா?"

"ஜெனரேட்டர் வச்சிருப்பாங்க."

"அப்ப எங்க எழுமலைய விட நல்ல ஊருதான்" என்றார். அன்றே இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படி எத்தனையோ பேர். ஆனால் ஒரே ஒரு வீடுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது.

ஒருநாள் காலை, கூடம் திறந்த சூட்டோடு ஒரு இளைஞர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். பெயர் நசீர், வாடிப்பட்டிக்காரர். "மேடம், எங்க அக்கா வீட்டு போன் செத்துப்போச்சு. ரெண்டு நாளா எப்ப அடிச்சாலும் என்கேஜ்டு. அதான் பஸ்ஸ விட்டு எறங்குன கையோட நேரா இங்க வாரேன்" என்றார்.

லைனைச் சோதிக்கும் பிரிவுக்குப் போன் பண்ணினேன். "கோளாறு ஒண்ணும் இல்ல மேடம், பேசிக்கிட்டு இருக்காங்க" என்றார்கள்.

"ரெண்டு நாளாவா?"

"அது அவங்க தொண்டைக்குத்தான் வெளிச்சம்."

நசீரைக் கேட்டேன், வீட்டில் இன்டர்நெட் இருக்கிறதா என்று. இருக்கிறது. அக்கா கணவர் அப்பாஸ் சவுதியில் கட்டட வேலை செய்கிறார். போன வாரம்வரை ஊரில் இருந்தபோது கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, இனிமேல் கடிதம் வேண்டாம், மெயில் போடுகிறேன் என்று மனைவிக்குப் படிக்கப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார். சொல்லிக்கொண்டே வந்த நசீர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், முந்தாநாள் பேப்பர்ல போட்டிருந்தாங்க. மச்சான் வேலை பாக்குற எடத்துல சாரம் சரிஞ்சு விழுந்துருச்சாம். நம்ம பக்கத்து ஆளுக சில பேருக்கு அடியாம். பேரு ஒண்ணும் போடல."

தர்மலிங்கம் சார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "கெளம்பு" என்றார், அவ்வளவுதான்.

பழைய மதுரையில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே இரும்புச் சாமான் கடை, மேலே வீடு. கடையின் ஷட்டர் பாதி இறங்கிக் கிடந்தது. மாடியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் நசீரின் அக்கா ஜமீலா உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன. பக்கத்தில் தட்டில் இட்லி காய்ந்து கிடந்தது. அவளுடைய மாமனார் காதர் பாய் ஜபமாலையை உருட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"நெட்டு ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க மாமா" என்றார் நசீர்.

ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், மெயிலே வரல. நெட்டு கெட்டுப்போச்சான்னு பாருங்க. நாங்க அணைக்கவே இல்ல. நான் தூங்குனா மாமா ஒக்காந்திருப்பாரு. அறுந்துச்சுன்னா ஒடனே திருப்பி டயல் போட்டுருவேன்."

பக்கத்தைப் புதுப்பித்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். கணக்குத் தொடங்கியபோது வந்த வரவேற்பு மெயில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மெயில் போட முடியாத நிலையில் இருக்கிற ஆள், உயிரோடு இருந்தால், வேறு எப்படித் தகவல் சொல்வார்? போன்தானே பண்ணுவார்! நெட்டும் போனும் ஒரே லைன், இரண்டு நாளாக இந்த வீட்டுப் போனுக்குள் ஈ நுழைய வழியில்லை.

"ஜமீலா, நெட்டக் கட் பண்ணும்மா. போன் வரட்டும்" என்றேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, மாட்டேன். நான் கட் பண்ற நேரம் பாத்து மெயில் வந்துச்சுன்னா? ஆளு இல்லேன்னு திரும்பிப் போயிருமே!"

"போகாதும்மா."

"கட் பண்ணுனா போயிரும் மேடம். மாமாவும் அதான் சொன்னாரு."

காதர் பாய் அதுவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது ஜபமாலை நின்றது. "இந்தக் கொரலு... நீங்க ட்ரங்க்ல இருந்தீங்களாம்மா?"

"ஆமா பாய்."

"அதானே! பம்பாய்க்கு ஆர்டர் சொல்ல புக் பண்ணுவேன். 'எடத்த விட்டு நகராதீங்க, கால் வர்றப்ப ஆள் இல்லேன்னா கேன்சல் ஆயிரும்'னு அதட்டுவீங்களே. ஒருக்கா ஒண்ணுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள கேன்சல் பண்ணிட்டீங்க. அதச் சொல்லித்தான் நானும் மருமகள ஒக்கார வச்சிருக்கேன்."

எனக்கு அப்போதுதான் முழுசும் விளங்கியது. இந்த ஊருக்கு ட்ரங்க் காலை அவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருந்தோம். வெளியூர்ச் செய்தி என்றால் அது ஒரு தடவைதான் வரும், ஆள் இருந்தால்தான் நிற்கும் என்று இந்த வீடு நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? 'அணைச்சாலும் மெயில் இருக்கும்' என்று நான் நூறு தடவை சொன்னாலும் அது வெறும் வாய்வார்த்தை. அவளுடைய புருஷன் உயிர் அந்த வார்த்தையில் தொங்குகிறதாக அவள் நினைக்கிறாள்.

"நான் பொறுப்பு, கட் பண்ணு" என்று சொல்லியும் பார்த்தேன்.

"எதுக்குப் பொறுப்பு?" என்று திருப்பிக் கேட்டாள்.

கம்பியை நானே பிடுங்கிவிடலாம். ஒரு விநாடி வேலை. நசீர்கூட, "பிடுங்கிருவோமா மேடம்?" என்று காதோரம் கேட்டார். பிடுங்கினால் அவள் பைத்தியம் பிடித்தவள் மாதிரி மறுபடி டயல் போடுவாள், எங்களையும் வெளியே தள்ளுவாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சரிம்மா, கட் பண்ண வேணாம். பாய் இங்க ஒக்காந்து பாத்துக்கட்டும். நீ என்கூட ஒரு நிமிசம் கீழ வா. சந்து முக்குல பிரவுசிங் சென்டர் இருக்குல்ல, அங்க போயிட்டு வருவோம்."

மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்து, திரையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். பிரவுசிங் சென்டரில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். "உன் மெயில இங்க தொற" என்றேன். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி விலாசத்தை அடித்தாள், பாஸ்வேர்டை அடித்தாள். பக்கம் மெதுவாக, மேலிருந்து கீழாக வந்தது. அவள் பெயர். அந்த ஒரே ஒரு வரவேற்பு மெயில்.

ஜமீலா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"மேடம், இது எங்க வீட்டு மெயிலு. அங்க மாமா பாத்துக்கிட்டு இருக்காரு. இத யாரு இங்க கொண்டாந்தது?"

"யாரும் கொண்டாரல. அது ஒங்க வீட்டுல இருந்ததே இல்லம்மா."

"அப்ப எங்க இருக்கு?"

"ரொம்பத் தூரத்துல, அணைக்கவே அணைக்காத ஒரு கம்ப்யூட்டர்ல. ஒம் பேருக்கு வர்றத அது வாங்கி வச்சுக்கும். நீ வீட்ல இருந்து கேட்டாலும் காட்டும், இங்க இருந்து கேட்டாலும் காட்டும். நீ தூங்குனாலும் வாங்கி வைக்கும்."

"நான் கேக்காமலே இருந்தா?"

"கேக்குற வரைக்கும் வச்சிருக்கும்."

அவள் எழுந்து நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள். மாடியேறி மாமனாரிடம் அவளே மூச்சு வாங்க விளக்கினாள். நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். காதர் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட, இது லாரி ஆபீஸ்தானே! சரக்கு வந்தா குடோன்ல கெடக்கும், நாம போயித்தானே எடுக்கணும்? நம்ம கடையச் சாத்துனா அங்க கெடக்குற பண்டல் எந்திரிச்சு ஓடியா போயிரும்? இதத்தான் ரெண்டு நாளா காவல் காத்தோமா, யா அல்லா!"

ஜமீலா மௌஸைப் பிடித்தாள். "தப்பாப் போச்சுன்னா மேடம்?"

"மறுபடியும் டயல் போட்டுக்க கண்ணு. ஒரு டீ குடிக்கிற நேரம்தான்."

அவளே கட் பண்ணினாள். மோடத்தில் மினுக்கிக்கொண்டிருந்த சிவப்பு விளக்குகள் நின்றன. வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். நாங்கள் நாலு பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது சும்மா கிடந்தது. நான் சொன்ன டீ நேரம் முடிந்தே போயிருக்கும். ஜமீலாவின் கண் மெல்ல மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் போனது.

மணி அடித்தது. காதர் பாய் பாய்ந்து எடுத்தார்.

"யாரு? ... என்னது? கீலா? முக்கா இஞ்ச் கீலா? யோவ், இன்னைக்குக் கடை லீவு, வைய்யா போனை!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் ரிசீவரை வைத்த கை எடுக்கவில்லை, மறுபடி அடித்தது. இந்தத் தடவை ஜமீலா எடுத்தாள். 'ஹலோ' என்றாள். அவ்வளவுதான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளிநாட்டில் இருந்து பேசுகிறவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அப்பாஸ் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஏய் ஜமீலா! கால் ஒடஞ்சு கட்டுப் போட்டு ஆஸ்பத்திரில கெடக்கேன். ரெண்டு நாளா பக்கத்துப் பெட்டுக்காரன் போன வாங்கி அடிச்சு அடிச்சு வெரலு தேஞ்சுபோச்சு. எப்பப் பாத்தாலும் என்கேஜ்டு! அப்படி யாருகூடத்தான் இம்புட்டு நேரம் பேசிக்கிட்டு இருந்த?"

"ஒங்ககூடத்தான்" என்றாள் ஜமீலா. "ஒங்ககூடத்தாங்க."

காதர் பாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நசீர் மூக்கை உறிஞ்சினார். நான் மட்டும் என்ன, முந்தானையை எடுத்துக்கொண்டேன். கால் ஒரு மாதத்தில் கூடிவிடும், பயப்படாதே என்று அப்பாஸ் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, "கார்டு தீரப்போகுது, எந்நேரமும் கட் ஆயிரும்" என்றார்.

ஜமீலா ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம், கட் ஆனாலும் அங்கயே இருப்பாருல்ல? மெயில் மாதிரி?"

"இருப்பாரும்மா" என்றேன். "கொரலு இருக்காது. பேசு."